உள்வாயும் கரைதான்

கண்மாயில் நடைபாதை, பூங்கா, படகுத்துறை என்று திட்டம் போடும்போது, கரையோரத்தை நடந்து பார்த்து மீனுக்கும் பறவைக்கும் எந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று தரம் பிரித்துக் கொடுப்பது என் வேலை. மதுரைப் பக்கம் பெரும்பாலும் வரைபடம் முடிந்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள்.

கரை என்றதும் மடையும் கலுங்கும் உள்ள மண்கரைதான் நமக்கு நினைவு வரும். அங்கே தண்ணீர் ஆழம். எதிர்ப்பக்கம், ஓடை வந்து சேரும் உள்வாயில், நிலம் மெல்லச் சரிந்து நெடுந்தூரத்துக்கு முழங்கால் தண்ணீரே நிற்கும். பவளக்கால் உள்ளான் நின்று இரை பொறுக்குவது அங்கேதான். தாழைக்கோழி கூடு கட்டுவதும் அங்குள்ள கோரைக்குள்தான். கோடையில் காய்ந்து கிடப்பதால் 'சும்மா கிடக்கிற இடம்' என்று வாகன நிறுத்தத்தை அங்கே வரைந்துவிடுகிறார்கள்.

போன ஐப்பசியில் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போயிருந்தேன். மீன் குத்தகைக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, தண்ணி செவப்பா கொதிக்குது பாருங்க." கோரை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள், மேலே வந்து மூச்சு வாங்கி இறங்கின. "அடியில பெரிய விரால் காவலுக்கு நிக்கும்" என்றார். வரைபடத்தை விரித்தேன். தடுப்புச் சுவர் சரியாக அந்த இடத்தில்தான்.

கனடாவில் ஒகனாகன் ஏரியின் கரை முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து, மிக உயர்வு முதல் மிகக் குறைவு வரை 5 தரமாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நானும் கண்மாயை 100 மீட்டர் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறேன். சரிவு, மண்ணா கல்லா, கோரையா ஆகாயத்தாமரையா, கூடு உண்டா, ஓடை வாய் பக்கமா என்று பார்ப்பேன். உயர்ந்த தரம் வந்த இடத்தில் விளக்குக் கம்பம்கூட வேண்டாம். ஏற்கெனவே கல் பதித்த, சாலையை ஒட்டிய மண்கரையில் பெஞ்சு, கழிப்பறை எல்லாம் வரட்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காக வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பைத்தான் பார்க்கிறது, கோரையையும் கூட்டையும் பார்ப்பதில்லை.

அதனால் உங்கள் ஊர்க் கண்மாய்க்குத் திட்டம் வந்தால், கிராமசபையில் வரைபடத்தைக் கேளுங்கள். மார்கழியில் தண்ணீர் நிற்கும்போது, ஆடு மேய்ப்பவரையும் மீன் பிடிப்பவரையும் கூட்டிக்கொண்டு உள்வாயை ஒரு சுற்று நடந்து பாருங்கள். அந்த மேலூர்க் கண்மாயில் சுவரை மண்கரைப் பக்கம் தள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.