டைல் வெடித்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள்

ஆண்டு விழா நெருங்கினால் இதே புகார்தான் வருகிறது. பள்ளிச் சுவரில் பதிக்க மாணவர்கள் களிமண்ணில் செய்த மீனும் மயிலும் பனைமரமும் சூளைக்குப் போகின்றன. திறந்து பார்த்தால் கால்வாசி சில்லு சில்லாகக் கிடக்கிறது. உடனே, "மண்ணை ஒழுங்காப் பிசையல, உள்ள காத்து இருந்திருக்கு" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மேல் பழி விழுகிறது.

காற்று வெடிக்காது. 30 டிகிரியிலிருந்து 1000 டிகிரிக்குச் சூடேறினாலும் காற்று நாலு மடங்குதான் விரியும். அதுவும் மண்ணின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். சிந்துவெளியில் கிடைத்த சுடுமண் கிலுகிலுப்பைகளைப் பாருங்கள். உள்ளே மண்ணுருண்டைகள் போட்டு மூடிய வெற்றுப் பந்துகள் அவை. காற்றுதான் வெடிக்க வைக்கும் என்றால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. வெடிக்க வைப்பது தண்ணீர். கொதித்து ஆவியாகும்போது அது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். பிசைவது மண் முழுவதும் ஒரே பதத்தில் இருப்பதற்காக. ஈரம் காயாமல் சூளையில் ஏற்றியது பெரியவர்களின் அவசரம்.

ஆகவே முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். செய்ய ஒரு வாரம், காய இரண்டு வாரம், ஐப்பசி கார்த்திகை மழையென்றால் மூன்று. வெயிலில் வைக்காதீர்கள்: ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும், நடு இன்னும் ஈரமாக இருக்கும், டைல் கிண்ணம்போல வளைந்துவிடும். நிழலில், செய்தித்தாள் விரித்த இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, தாளைத் தினமும் மாற்றுங்கள். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

மண்ணில் கால் பங்கு சுட்ட மண் தூள் கலந்திருக்கட்டும். இருபுறமும் 12 மி.மீ. கட்டை வைத்து உருளையால் தேய்த்தால் கனம் சீராக வரும். மேலே ஒட்டும் உருவங்களோடு சேர்த்து 25 மி.மீ. தாண்டினால் பின்பக்கம் குடைந்துவிடுங்கள். ஒட்டும் இரு பரப்பையும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டிய மீன் செதில் காயும்போதே உதிரும். மண் சுருங்குவதையும் மறக்காதீர்கள்: பத்து சதவீதம் சுருங்கும் மண்ணில் 270 செ.மீ. சுவருக்கு 300 செ.மீ. படம் வரைய வேண்டும். படத்தை டைல் துண்டுகளாக வெட்டியதுமே ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண்ணையும் மேல்நோக்கிய அம்புக்குறியையும் கீறுங்கள். மையில் எழுதினால் சூளையில் எரிந்துபோகும். சுவரில் பிடிப்பதற்கான பள்ளங்களையும் அப்போதே இழுத்துவிடலாம்.

சூளையை 85 டிகிரியில் இரவு முழுக்க, துவாரம் திறந்தபடி வைத்திருங்கள். துவாரத்தருகே கண்ணாடியைக் காட்டினால் பனி படியக் கூடாது. அதன்பின் 600 டிகிரி வரை மணிக்கு 80 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்க விடாதீர்கள், காய்ந்த டைலை உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். அந்தத் தூசியில் நுரையீரலில் தங்கிவிடும் சிலிக்கா இருக்கிறது. ஈரத்துணியால் துடையுங்கள். டைல் பளபளக்கச் சூளையில் உருக்கிப் படியவைக்கும் பூச்சுதான் மெருகு; ஈயம் கலந்த மெருகுக்குப் பள்ளிக்குள் இடமே கிடையாது.

புதிதாகப் பூசிய சுவரில் 28 நாள் கழித்துத்தான் ஒட்ட வேண்டும். சதுர மீட்டருக்கு 20 கிலோவைத் தாண்டும் சுமை இது. சுண்ணாம்பு அடித்த சுவரென்றால் வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு, டைல் ஒட்டுப்பசையைச் சுவரிலும் டைலின் பின்னாலும் தடவுங்கள். துண்டுகளுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றிரண்டு உடையும். நாலு துண்டாக உடைந்த டைலைச் சுவரில் அப்படியே சேர்த்து ஒட்டிவிடலாம், இடைவெளிப் பூச்சில் விரிசல் மறைந்துவிடும். அந்தப் பிள்ளையின் மீனைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.