அடுத்தவங்க வேலைய பாத்து பாத்து நம்ம வேலைய தொடாம விட்டர்றது

படம் வரையறவங்க, கல்யாண போட்டோ எடுக்கறவங்க, கதை எழுதறவங்க, பாடறவங்க, துணிக்கு பிரிண்ட் டிசைன் போடறவங்கன்னு கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து என்கிட்ட கவுன்சிலிங்குக்கு வர்றவங்க நெறைய பேரு வந்து உக்காந்ததும் சொல்றது தூக்கம் வரமாட்டீங்குது, வேலைல மனசு நிக்கமாட்டீங்குது, எதைப் பாத்தாலும் எரிச்சலா இருக்குதுங்கறதுதானுங்க. கொஞ்ச நேரம் அவங்கள பேச விட்டு கேட்டுட்டே இருந்தா அடியில ஒரு பேரு வரும். கூடப் படிச்சவன் பேரு, இல்லீனா அதே கம்பெனில இவங்களுக்கு அப்பறம் சேந்த பொண்ணு பேரு, இல்ல நேர்ல பாத்தே இருக்காத, ஆனா தெனமும் போன்ல பாக்கற ஒரு ஆர்ட்டிஸ்ட் பேரு. அந்த ஆளு இவங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணிருக்க மாட்டாங்க. அவங்க வேலை நல்லா இருக்குது, அவ்வளவுதான்.

இதை நெறைய பேரு பொறாமைன்னு நெனச்சு வெக்கப்பட்டுட்டு ஊட்டுல கூட சொல்லாம வெச்சிருக்காங்க. அந்த ஆளு கெட்டுப்போகோணும்னு இவங்க யாரும் நெனைக்கறதில்லீங்க, நான் ஒண்ணுக்கும் ஆகமாட்டேன்னு இவங்களே முடிவு பண்ணிக்கறாங்க, அதுதான் ஆள சாப்புடுது.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், ஒப்பிட்டுப் பாக்கறது வியாதி கிடையாது. லியோன் ஃபெஸ்டிங்கர்னு அமெரிக்க உளவியலாளர் 1954ல இதைப்பத்தி ஒரு கட்டுரை எழுதுனாரு, இன்னைக்கு வரைக்கும் இந்த விசயத்துல எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கறாங்க. அவர் சொன்னது என்னன்னா, நம்ம திறமைய அளக்கறதுக்கு வெளிய ஒரு அளவுகோல் இல்லாதப்ப நம்மள மாதிரியே இருக்கற அடுத்த மனுசன வெச்சு அளந்துக்குவோம்னு. எத்தனை கிலோ தூக்கறோம்னு பாக்க தராசு இருக்குது, நூறு மீட்டர் ஓட எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாக்க வாட்ச் இருக்குது. ஒரு ஓவியம் நல்லா வந்திருக்குதா, ஒரு கதை தேறுமான்னு பாக்க என்ன இருக்குது? ஒண்ணுமில்ல. அதனாலதான் கலை சம்பந்தப்பட்ட வேலை செய்யறவங்கள இது இத்தனை சீக்கிரம் புடிச்சுக்குது, அளவுகோல் இல்லாத எடத்துல பக்கத்துல இருக்கறவங்கதான் அளவுகோலு.

நம்ம ஊர்ப்பக்கம் இதுக்கு சின்ன வயசுலயே நல்லா பழக்கிவிட்டர்றாங்க. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு நான் சொல்லவே தேவையில்ல, மார்க்க வரிசைப்படுத்தி எத்தனாவது ஆளுன்னு பாத்து பாத்து வளந்த தலைமுறை அது. மாநில அளவுல மொதலெடம், ரெண்டாமெடம்னு ரேங்க் அறிவிக்கறத 2017ல தமிழ்நாடு அரசு நிறுத்துச்சு, அப்ப பள்ளிக்கல்வி அமைச்சரா இருந்தது நம்ம கோபி செங்கோட்டையன்தான், என்னைக் கேட்டா ரொம்ப நல்ல முடிவு. ஆனா அறிவிப்பு நின்னாலும் ஊட்டுக்குள்ள நிக்கலீங்க. ஒறம்பரை வந்தா, விசேஷத்துக்குப் போனா, "பங்காளியூட்டுப் பையன் கனடா போயிட்டான், நீ இன்னும் படம் போட்டுட்டு இருக்கறயா கண்ணு"ன்னு ஒரு வார்த்தை வந்து விழும். சொன்னவங்க அதை அங்கயே மறந்துட்டு பந்திக்குப் போயிருவாங்க, கேட்ட புள்ள அதை பத்து வருசம் சொமக்கும்.

செரி, ஒரு ஆளப் பத்தி சொல்றேன், அடையாளம் தெரியாம இருக்க விவரத்தையெல்லாம் மாத்தித்தான் எழுதறேன். திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில டி-சர்ட்டுக்கு பிரிண்ட் டிசைன் பண்ற பொண்ணு. ஆர்டர் குடுக்கற பையர் அனுப்பற தீமுக்கு ஏத்த மாதிரி டிசைன் போட்டு, ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது துணில சாம்பிள் பிரிண்ட் எடுத்து, அப்ரூவல் வாங்கறது வேலை. காலைல ஆபீஸ் வந்ததும் சிஸ்டத்த போட்டுட்டு மொதல்ல டிசைனும் படமும் பாக்கற பின்ட்ரெஸ்ட், பிஹான்ஸ், இன்ஸ்டா மூணையும் ஒரு சுத்து பாத்துருவாங்க, ரெஃபரன்ஸுக்குன்னுதான் ஆரம்பிக்கறது, பத்து பத்தரை வரைக்கும் போகும். அப்பறம் படம் வரையற சாஃப்ட்வேர் இல்லஸ்ட்ரேட்டர திறந்து ஒரு பூவோ புலியோ வரைய ஆரம்பிச்சா நாலு கோடு போட்டதும் காலைல பாத்த அந்த முடிஞ்ச வேலை கண்ணு முன்னால வந்து நிக்குது, உடனே எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெலீட். மறுபடியும் நாலு கோடு, மறுபடியும் டெலீட். சாயங்காலம் ஆர்டர பாத்துக்கற மெர்ச்சண்டைசர் வந்து நிக்கறப்ப கைல ஒண்ணும் இருக்காது, அவசரத்துல பழைய டிசைன கொஞ்சம் மாத்திக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போய் அழுகறாங்க.

இதுல நடக்கறத கொஞ்சம் நிதானமா பாருங்க. அவங்க ஒப்பிடறது தன்னோட நாலாவது கோட்டையும் இன்னொருத்தரோட கடைசி கோட்டையும். அந்த இன்னொருத்தர் எத்தனை தடவை அழிச்சாரு, எத்தனை பேர் கூட இருந்து பண்ணுனாங்க, எந்த டிசைனெல்லாம் பையர் வேண்டாம்னு தள்ளுனதுன்னு அந்தப் பக்கத்துல ஒண்ணுமே தெரியாது. தன்னோட குப்பை மட்டும் தனக்கு முழுசா தெரியுது, அடுத்தவங்க குப்பை தெரியறதே இல்ல, இந்தக் கணக்குல யாருமே ஜெயிக்க முடியாதுங்க.

இன்னொரு கணக்கும் இருக்குது, இதை விளக்கிச் சொன்னா நெறைய பேருக்கு மூச்சு லேசாகறத பாத்திருக்கேன். ஸ்காட் ஃபெல்டுன்னு ஒரு சமூகவியலாளர் 1991ல எழுதுனது, பெரும்பாலான ஆளுங்களுக்கு அவங்க நண்பர்களுக்கு இருக்கறத விட நண்பர்கள் கம்மியாத்தான் இருப்பாங்க, அது கணக்குப்படியே அப்புடித்தான் வரும்னு காட்டுனாரு. எப்புடின்னா ஒரு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காருன்னா அவர் எல்லாரோட லிஸ்ட்லயும் வந்துருவாரு, ரெண்டே பேருக்குத் தெரிஞ்ச ஆளு ரெண்டே லிஸ்ட்ல வருவாரு. ஆக யாரு தன்னோட லிஸ்ட்ட பாத்தாலும் அந்தப் பெரிய ஆளு அதுல இருப்பாரு, தான் மட்டும் சின்ன ஆளா தெரியும். இன்ஸ்டாவுலயும் இதேதான், நீங்க ஃபாலோ பண்றவங்களுக்கு உங்களவிட ஃபாலோயர்ஸ் ஜாஸ்தி இருக்கறது உங்க திறமையப் பத்தி ஒரு செய்தியும் சொல்லல, அந்த வலையோட அமைப்பே அப்புடி. அதுக்கு மேல எதுக்கு லைக் ஜாஸ்தியோ அதையே முன்னால தள்ளிவிடற அல்காரிதம் வேற.

மார்க் போடறதுக்கு ஒரு ஆளு பின்னால நிக்கறாங்கன்னு நெனச்சாலே வேலை கெட்டுப்போகுங்கறதுக்கும் ஆராய்ச்சி இருக்குது. தெரசா அமபிலின்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1979ல காலேஜ் மாணவிகளுக்கு கலர் பேப்பர் குடுத்து ஒட்டுப்படம் பண்ணச் சொன்னாங்க, சில பேருகிட்ட இதை ஆர்ட்டிஸ்டுங்க மதிப்பிடுவாங்கன்னு சொன்னாங்க, சில பேருகிட்ட சொல்லல. மதிப்பிடுவாங்கன்னு கேட்டவங்க பண்ணுனதுல படைப்பாற்றல் கம்மியாத்தான் இருந்துச்சு. அந்தத் திருப்பூர் பொண்ணுக்கு பின்னால யாரும் நிக்கல, ஆனா காலைல பாத்த நூறு ஆர்ட்டிஸ்டயும் அவங்களே மண்டைக்குள்ள கூட்டிட்டு வந்து உக்கார வெச்சுர்றாங்க.

அவங்களுக்கு நான் சொன்னது ரெண்டே விசயந்தான். காலைல மொத ஒன்றரை மணி நேரம் நெட்டத் தொடாம சொந்தக் கை, அது எவ்வளவு மோசமா வந்தாலும் அழிக்காம ஒரு ஃபோல்டர்ல தேதி போட்டு வெக்கறது. அதுக்கப்பறம் ரெஃபரன்ஸ் பாக்கலாம், ஆனா ஒரு கேள்வியோட போகோணும், "இந்தப் புலிக்கு கழுத்து மடிப்ப மத்தவங்க எப்புடி போட்டிருக்காங்க"ன்னு. பதில் கெடச்சதும் மூடிரோணும். சும்மா கைய வெச்சு தள்ளிட்டே போறதுதான் ஆபத்து, தேடிப் போறது ஆபத்தில்ல. மொத ரெண்டு வாரம் அவங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அது நெசம், கை தானா போனுக்குப் போகும். அதனால போன பையில போட்டு பைய லாக்கர்ல வெச்சுட்டாங்க.

ஒப்பிடறதையே நிறுத்துங்கன்னு நான் யாருக்கும் சொல்றதில்லீங்க, ஏன்னா அது ஆகற காரியமில்ல. ஆள ஒப்பிடாதீங்க, வேலைய ஒப்பிடுங்கன்னுதான் சொல்றேன். "அவன் பெரிய ஆளாயிட்டான்"ங்கறதுல கத்துக்க ஒண்ணுமில்ல. "அவன் எடுத்த படத்துல வெளிச்சம் ஒரு பக்கத்துலருந்து மட்டும் வருது, எப்புடி பண்ணிருப்பான்"ங்கறதுல நாளைக்கு காலைல செய்யறதுக்கு ஒரு வேலை இருக்குது.

கோபி பக்கத்துல இருந்து ஒரு தம்பி வந்தாரு, கல்யாண போட்டோகிராபர். சென்னைல இருக்கற ஒரு பெரிய டீம் எடுக்கற படத்தப் பாத்துட்டு தன்னோட கேமராவ வித்துரலாமான்னு ரோசனை. அடுத்த தடவை வர்றப்ப ஒரு கல்யாணத்துல ஆல்பத்துக்கு எடுத்த படமும் வேண்டாம்னு ஒதுக்குன படமும் ரெண்டையும் கொண்டு வரச் சொன்னேன். ஒதுக்குனதுல ஒண்ணு இன்னைக்கும் எனக்கு மறக்கல. மண்டபத்து ரூம்ல, ட்யூப் லைட் வெளிச்சத்துல, அம்மிச்சி, அதாவது அம்மாவப் பெத்த பாட்டி, தன்னோட சேலைத் தலைப்புல முடிஞ்சு வெச்சிருந்த ரூவாய எடுத்து கல்யாணப் பொண்ணு கைல வெச்சு அழுத்தறாங்க. மூஞ்சி ரெண்டும் தெரியல, கைங்க மட்டும், ஒரு கைல மருதாணி, ஒரு கைல நரம்பு, நோட்டு நாலா மடிச்சு கசங்கிக் கெடக்குது, முடிச்சு அவுத்த எடத்துல சேல இன்னும் சுருங்கியே இருக்குது.

"இதை ஏந்தம்பி ஒதுக்குனீங்க?"ன்னு கேட்டேன்.

"கலர் மஞ்சளா அடிக்குதுங்க மேடம், அவங்கெல்லாம் இப்புடி போடமாட்டாங்க" அப்புடீன்னாரு.

அந்தச் சென்னை டீம் எடுக்கறது ரிசார்ட்ல, லைட்டுக்கே தனி ஆளுங்க. இவரு எடுக்கறது மண்டபத்துல, வெடியக்காத்தால மூணு மணிக்கு சீர் நடக்கறப்ப, வீடியோக்காரர் லைட்டுக்கும் ஒறம்பரை கூட்டத்துக்கும் நடுவுல. மாப்பிள்ளை கூடப் பொறந்தவளுக்குப் பண்ற இணைச்சீர்ல அக்கா மூஞ்சி எப்ப மாறும்னு இவருக்குத் தெரியும், சீர நடத்தற பெரியவர் அருமைக்காரர் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவாருன்னு தெரியும், வெளியூர் டீமுக்கு அது தெரிய வாய்ப்பே இல்ல. தன்கிட்ட என்ன இருக்குதுன்னு பாக்கவே நேரமில்லாம அடுத்தவங்ககிட்ட இருக்கறதயே பாத்துட்டு இருந்திருக்காரு. அதே நேரம் மஞ்சள் கலர் பிரச்சனையும் நெசந்தானுங்க, அதை நான் பூசி மழுப்பல. அதனால அந்த டீமோட படத்துலருந்து அவர் கத்துக்க எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, கலர் சரி பண்றது. பெரிய மலையா நின்ன ஒப்பீடு ஒரு வாரத்துப் பாடமா சுருங்கிருச்சு.

யார ஒப்பிட எடுக்கறோங்கறதும் முக்கியம். கனடாவுல லாக்வுட், குந்தான்னு ரெண்டு உளவியலாளருங்க 1997ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, அக்கவுண்டிங் படிக்கற பசங்களுக்கு அதே துறைல கடைசி வருசத்துல ஜொலிக்கற ஒரு மாணவரப் பத்தி படிக்கக் குடுத்தாங்க. மொத வருசத்துப் பசங்களுக்கு அது தெம்பு குடுத்துச்சு, கடைசி வருசத்துல இருக்கறவங்களுக்கு அது குடுக்கல, ஏன்னா அவங்களுக்கு அங்க போய் சேர நேரமில்ல. அதனால உங்களுக்கு பத்து படி மேல இருக்கறவர ரசிங்க, தாராளமா ரசிங்க, அளக்கறதுக்கு மட்டும் ஒரு படி, ரெண்டு படி மேல இருக்கறவர எடுத்துக்கங்க. முடிஞ்சா அவங்ககிட்டயே போய் கேளுங்க, நம்ம பக்கம் கேட்டா சொல்லித் தர்ற மனுசங்க இன்னும் நெறைய இருக்காங்க.

வயசு கணக்கு வேற. முப்பதுக்குள்ள பேர் வாங்கலீனா முடிஞ்சுதுன்னு இருபத்தஞ்சு வயசுப் பசங்க பேசறத கேக்கறப்ப எனக்கு மனசு சங்கடமாயிரும். நம்ம கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிங்கற நாட்டுப்புற ஆட்டத்தோட ஆசிரியர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ அறிவிச்சப்ப அவருக்கு வயசு 87. ஆம்பளைங்க மட்டும் ஆடிட்டிருந்த ஆட்டத்துல பொம்பளைங்களுக்கும் சொல்லிக்குடுத்தவர், அவரு அத்தனை வருசமும் அடவு சொல்லிக்குடுத்துட்டுத்தான் இருந்தாரு.

போன் விசயத்துல சின்ன ஒத்தாசை. யாரோட பக்கத்தப் பாத்தா மனசு கனக்குதோ அவங்கள ம்யூட் பண்ணிருங்க. அன்ஃபாலோ பண்ணுனா தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்கன்னா அடுத்த விசேஷத்துல பேச்சாகிரும், ம்யூட் பண்ணுனது அவங்களுக்குத் தெரியாது. லைக் எண்ணிக்கைய மறைச்சு வெக்கற வசதியும் இன்ஸ்டாவுல 2021லருந்து இருக்குது, செட்டிங்ஸ்ல போய் போட்டுக்கலாம்.

அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. புள்ள ஒரு படத்த வரைஞ்சு கொண்டு வந்து நீட்டுனா "அக்கா மாதிரி வரையலியே"ன்னும் சொல்லாதீங்க, "நீதாண்டா ஊர்லயே பெஸ்ட்"டுன்னும் சொல்லாதீங்க, ரெண்டும் ஒரே தராசுதான். "இந்த மாட்டுக்கு கொம்பு இப்புடி வளைஞ்சிருக்குதே, எங்க பாத்தே சாமி?"ன்னு கேட்டுப் பாருங்க, அந்தப் புள்ள அரை மணி நேரம் பேசும்.

இந்த ஒப்பீட்டுப் பழக்கம் எல்லாருக்கும் மேலோட்டமா நின்னுக்கறதில்ல, அதையும் சொல்லிரோணும். ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து மனசு சோர்ந்தே கெடக்குது, தூக்கமோ சாப்பாடோ மாறிருச்சு, புடிச்ச வேலைய நெனச்சாலே வெறுப்பா இருக்குது, இருந்தென்ன பிரயோஜனங்கற எண்ணம் வருதுன்னா அது ஃபோல்டர் போட்டு, போன பையில வெச்சு சரியாகற விசயமில்லீங்க, மனநல டாக்டரயோ கவுன்சிலரயோ கட்டாயம் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிங்கள்ல மனநலப் பிரிவு இருக்குது. நேர்ல போகத் தயக்கமா இருந்தா மத்திய அரசோட மனநல உதவி எண், டெலி மானஸ் 14416க்கு எந்த நேரத்துலயும் கூப்புடலாம், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். தமிழ்நாடு அரசோட சுகாதார உதவி எண் 104ம் இருக்குது. கூப்புட்டா மொதல்ல என்ன சொல்றதுன்னு தெரியலீனா, தூக்கம் வரமாட்டீங்குதுன்னு மட்டும் சொல்லுங்க போதும், மிச்சத்த அந்தப் பக்கம் இருக்கறவங்க கேட்டுக்குவாங்க.