பெட்டி, செப்பு, சிமிழ்: ஒரு சொல் விளக்கம்

மூடி வைக்கத்தக்க எந்தக் கலத்தையும் இன்று 'பாக்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம். பள்ளிப் பிள்ளையின் பென்சில் பாக்ஸ், அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸ், நகைக்கடையில் மோதிரத்தோடு தரும் சின்ன பாக்ஸ், வீடு மாறும்போது புத்தகங்களை அடுக்கிக் கட்டும் பெரிய பாக்ஸ் ஆகியவை அளவிலும் செய்பொருளிலும் மூடும் முறையிலும் வெவ்வேறானவை. இவை எல்லாவற்றுக்கும் 'பெட்டி' என்பதே தமிழ் என்று ஒரு வரியில் விடை சொல்வது தவறன்று. ஆனால் அது குறைவான விடை. பொருளை உள்ளே வைத்துக் காக்கும் கலங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. எதை எங்கே ஆள்வது என்பதற்கு அச்சொற்களின் வரலாறே வழிகாட்டுகிறது.

'பெட்டி' திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். மலையாளத்திலும் அது பெட்டிதான். கன்னடத்தில் பெட்டிகெ, தெலுங்கில் பெட்டெ. சிங்களத்திலும் பெட்டிய என்று வழங்குகிறது. வடமொழியில் பேடகம் முதலிய வடிவங்கள் உள்ளன. நம்முடைய 'பெட்டகம்' என்பதை அவற்றோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பெட்டி என்னும் சொல்லின் பொருளுக்குள் மரமோ இரும்போ அடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத்தில் வளர்ந்தவருக்குப் பெட்டி என்றதும் பூட்டுப் போட்ட மரப்பெட்டி நினைவுக்கு வரலாம். தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பனையோலையில் முடைந்த கலமும் பெட்டியே. கருப்பட்டி வைக்கும் ஓலைப்பெட்டி, பனைநாரில் பின்னிய நார்ப்பெட்டி, யாழ்ப்பாணத்தவர் வெற்றிலையும் சில்லறைக் காசும் வைத்து மடியில் செருகிக்கொண்ட கொட்டைப்பெட்டி, மூடியோடு சேர்த்து இழைத்த மூடற்பெட்டி என இவ்வரிசை நீளமானது. அங்கே பிட்டு அவிக்கப் பயன்படும் நீத்துப்பெட்டியோ கூம்பு வடிவினது. ஓலைப் பின்னலின் இடுக்கு வழியாக ஆவி மாவுக்குள் ஏறுவதற்காகவே அவ்வாறு முடையப்பட்டது. மூடற்பெட்டி என்று ஒன்றுக்குத் தனிப்பெயர் இருப்பதிலிருந்தே, பெட்டிக்கு மூடி கட்டாயமன்று என்பது புலப்படும். ஆகவே பெட்டி என்பது பொதுப்பெயர்.

மூடி இல்லாமல் பொருளே நிறைவுறாத சொல் 'செப்பு'. குறுந்தொகையின் 9-ஆம் பாடலில் கயமனார், தலைவனைப் பிரிந்து மேனி வாடிய தலைவியை, 'மடை மாண் செப்பில் தமிய வைகிய பெய்யாப் பூ' என்று காட்டுகிறார். மடை என்பது இங்கே மூட்டுவாய், அதாவது கலமும் மூடியும் பொருந்தும் இடம். நன்றாகப் பொருந்தும் மூட்டுவாயையுடைய செப்புக்குள் தனியே கிடந்து, சூடப்படாமலே வாடிய பூ அவள். பூ வைப்பதற்கென்று மூட்டுவாய் அமைத்த கலம் அக்காலத்து வீட்டில் இருந்தது என்ற செய்தி இதில் கிடைக்கிறது. அதைவிட, பாதுகாக்கும் கலமே பயன்பாட்டைத் தடுத்துவிடுவதையும் புலவர் கண்டிருக்கிறார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. திருக்குறளின் 887-ஆம் குறளும் இதே கலத்தை எடுத்துக்கொள்கிறது: 'செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி.' செப்பும் அதன் மூடியும் இடைவெளி தெரியாமல் பொருந்தியிருப்பினும் அவை இரண்டே. உட்பகை புகுந்த குடும்பத்தவரும் வெளியே ஒன்றுபோல் தோன்றி உள்ளே பிரிந்திருப்பர் என்பது கருத்து. கேட்பவர் உடனே உணர்ந்துகொள்ளும் அளவுக்கு அக்கால வாழ்வில் செப்பு பழகிய பொருளாயிருந்தது. 'செப்பேடு' என்பதில் செப்பு செம்பைக் குறிப்பதால், செப்பு என்னும் கலமும் தொடக்கத்தில் செம்பால் செய்யப்பட்டதாயிருக்கலாம் என எண்ண இடமுண்டு. இன்று அச்சொல் பெரும்பாலும் குழந்தைகளின் விளையாட்டுப் பாத்திரங்களான 'சொப்புச் சாமான்' என்பதில் மட்டுமே பிழைத்திருக்கிறது.

'சிமிழ்' அதனினும் சிறியது. குங்குமச் சிமிழ், சந்தனச் சிமிழ் என்னும் வழக்குகள் இன்றும் வீட்டில் உள்ளன. 'சிமிழ்த்தல்' என்னும் வினைக்குக் கட்டுதல், அகப்படுத்துதல் என்று பொருள். புதரில் மறைந்து பறவையைப் பிடிக்கும் வேட்டுவனை 274-ஆம் குறள் 'வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று' என்கிறது. உள்ளே வைத்ததை வெளியே விடாமல் இறுகப் பிடிக்கும் சிறு கலத்துக்கு இவ்வினையோடு உறவு காண்பது பொருத்தமாகவே இருக்கிறது.

'பேழை' பெரியது, மதிப்பும் மிக்கது. நோவாவின் பேழை என்று கிறித்தவத் தமிழ் இச்சொல்லை உலகறியச் செய்தது. பல்லாவரம் போன்ற இடங்களில் கிடைத்த சுடுமண் சவக்கலங்களைத் தொல்லியலார் 'ஈமப்பேழை' என்றழைப்பது அழகான, துல்லியமான ஆட்சி.

இனி வந்து சேர்ந்த சொற்கள். 'பாக்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் கிரேக்க, இலத்தீன் மொழிகளில் ஒருவகை மரத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அம்மரத்தால் செய்த சிறு கலத்துக்குப் பெயராகிப் பின் எல்லாவற்றுக்கும் பரவியது. 'டப்பா' இந்தியின் வழியே வந்தது. தகரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன இலேசான கலத்தைக் குறிப்பதால், 'டப்பா வண்டி' என்பதுபோல மட்டமானது என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. கடைக்காரரின் 'கல்லாப்பெட்டி'யில் உள்ள கல்லாவும் வடக்கிலிருந்து வந்ததே; பணப்பெட்டி என்றால் போதும்.

பெட்டி என்னும் சொல்லின் உயிராற்றல் அதன் கூட்டுச்சொற்களில் தெரிகிறது. தீப்பெட்டி, அஞ்சல் பெட்டி, வாக்குப் பெட்டி, இரயில் பெட்டி, பெட்டிச் செய்தி, பெட்டிப் பாம்பு, பெட்டி படுக்கை எல்லாம் யாரும் குழுவமைத்து ஆக்கியவை அல்ல. உத்திரமேரூரின் குடவோலை முறையில் ஓலைகளை ஏற்றது குடம். 1951-52 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைக்கப்பட்டபோது 'வாக்குப் பெட்டி' மக்களின் வாயில் எளிதாக அமர்ந்தது. இஸ்திரிப் பெட்டிக்குப் பெட்டி என்று பெயர் வந்தது, உள்ளே கனலும் கரியைக் கொட்டி மூடியதால். மின்சாரத்தில் சூடேறும் இன்றைய கருவிக்குள் எதையும் வைப்பதில்லை என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது. 'பெட்டிக்கடை'யில் உள்ள பெட்டி, சிறியது என்னும் பொருளுடைய 'petty' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பலகைகளை அடைத்தால் பெட்டியாகவே நின்றுவிடும் மரக்கடைக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

இவற்றுள் என் மனத்துக்கு மிக நெருங்கியது அஞ்சறைப் பெட்டி. ஐந்தறை என்பதே பேச்சில் அஞ்சறை ஆயிற்று. கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் எனத் தாளிப்புக்கும் குழம்புக்கும் வேண்டியவை அடுப்பருகே ஒரே மூடியின் கீழ் அமைந்திருக்கும். கண் பார்க்காமலே கை உரிய அறைக்குப் போகும். மரத்தாலான பழைய பெட்டி போய், வட்டமான எவர்சில்வர் பெட்டியில் ஏழு கிண்ணங்கள் வந்த பின்னும் அது அஞ்சறைப் பெட்டியாகவே இருக்கிறது.

எனவே 'பாக்ஸ்' என்பதற்குத் தமிழ் எழுத விரும்புவோர் முதலில் கலத்தைப் பார்க்க வேண்டும். மோதிரம், குங்குமம், தைலம் வைக்கும் சிறு கலம் சிமிழ்; மூடி கச்சிதமாகப் பொருந்தும் வேலைப்பாடுள்ள கலம் செப்பு; வங்கியில் நகைகளை வைத்துப் பூட்டுவது பெட்டகம்; மூக்குக்கண்ணாடிக்கு வழக்கிலுள்ள கூடு; புத்தகம் அடுக்கும் 'கார்ட்டன்' அட்டைப்பெட்டி; 'ஜியோமெட்ரி பாக்ஸ்' கருவிப் பெட்டி. டிபன் பாக்ஸுக்கு உணவுப் பெட்டி என்று சிலர் எழுதுகின்றனர். கைப்பிடி உள்ளதாயின் ஊர்களில் முன்பே வழங்கும் 'தூக்கு' என்னும் சொல்லையே ஆளலாம்.