திருச்சி என்ஐடிக்கு உங்கள் பிள்ளை எந்த மாநிலம்?

நுழைவுத் தேர்வு கோச்சிங்குக்காக ராஜஸ்தானில் இருக்கிற கோட்டா நகருக்கோ விஜயவாடாவுக்கோ பிள்ளையைப் பிளஸ் ஒன் சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் விசாரிக்கிறார்கள். பிளஸ் டூவை வெளி மாநிலத்தில் முடித்தால் இங்கே எந்த சீட் கைவிட்டுப் போகும் என்று கேட்பவர்கள்தான் குறைவு.

மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளான என்ஐடிகளில் பொதுவாகப் பாதி இடம் அந்தந்த மாநிலத்து மாணவர்களுக்கு, மீதி மற்ற மாநிலத்தவர்களுக்கு. இதில் 'அந்த மாநிலம்' என்பது சொந்த ஊரோ, ரேஷன் கார்டு முகவரியோ இல்லை, பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற மாநிலம். மன்னார்குடியில் பிறந்து வளர்ந்த பையன் ராஜஸ்தான் பள்ளியில் பிளஸ் டூ எழுதினால், திருச்சியில் அவன் வெளி மாநிலத்தவன்; தமிழ்நாட்டுக்கான பாதியில் அவனுக்கு இடம் கிடையாது, நாடு முழுவதிலிருந்தும் வருகிறவர்களோடு மோத வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரியான பிரிவில் இது சின்ன வித்தியாசம் இல்லை. பிறகு இங்கே வந்து இம்ப்ரூவ்மென்ட் எழுதிச் சரிசெய்துகொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது, முதலில் எங்கே தேர்ச்சி பெற்றானோ அதுதான் கணக்கு. கோச்சிங் எங்கே என்பது பிரச்சினையே இல்லை, தேர்வு எழுதும் பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. ஐஐடிக்கு மட்டும்தான் குறி என்றால் இந்தக் கவலை வேண்டாம், அங்கே மாநில ஒதுக்கீடு இல்லை.

அதே பையனுக்கு அண்ணா பல்கலைக்கழகக் கதவு மூடவில்லை. தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் 8 முதல் 12 வரை இங்கேயே படித்தவர்களிடம் தமிழ்நாட்டுக்காரர் என்பதற்கான நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை. இடையில் வெளியே படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சான்றிதழை வைத்தால் போதும். அப்புறம் இதற்கு நேர் எதிரான ஒரு கேஸ் இருக்கிறது: திருப்பூரில் வேலை பார்க்கும் பீகார் குடும்பத்துப் பிள்ளை 8 முதல் 12 வரை இங்கேயே படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப்பிரிவில் மட்டும். சொந்த மாநிலத்தில் எஸ்சி-யாக இருந்தாலும் இங்கே 69 சதவீத இடஒதுக்கீட்டுக்குள் வர முடியாது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கும் இதே விதிதான் என்பது எனக்குக் கொஞ்சம் கடுமையாகவே படுகிறது.

எம்பிபிஎஸ்ஸில் கணக்கு 6-ம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, அதற்கு நீட் ரேங்க் போதும், ஊர் பார்ப்பதில்லை. மீதி 85-க்கு 6 முதல் 12 வரை இங்கே படிப்பு, இல்லையென்றால் நேட்டிவிட்டியும் பெற்றோர் ஆவணங்களும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் பொதுவாக அதே 6 முதல் 12 வரைதான், நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் போச்சு. மருத்துவ மேற்படிப்பில் குடியிருப்பை வைத்து இடம் ஒதுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்தத் தீர்ப்பு எம்பிபிஎஸ்ஸுக்கு இல்லை.

நேட்டிவிட்டி தேவைப்படுகிறவர்கள் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இ-சேவையில் இப்போதே போட்டுவிடுங்கள். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் அலுவலகம் என்று மூன்று மேஜை தாண்டி வர வேண்டும், கவுன்சலிங் சமயத்தில் எல்லாரும் அதே வரிசையில்தான் நிற்பார்கள்.