திருமணமாகாத பெற்றோரின் குழந்தைக்காக எந்த நீதிமன்றத்தில் மனு போடுவது?

தாய்க்கும் தந்தைக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் குழந்தையின் வழக்கைக் குடும்ப நல நீதிமன்றம் எடுக்காது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 7ஆவது பிரிவில் விவாகரத்து போன்ற சில வழக்குகள்தான் கணவன் மனைவிக்கு இடையிலானவை. ஜீவனாம்சம், மைனருக்குக் காப்பாளர், குழந்தை யாரிடம் வளர்வது, யார் வந்து பார்ப்பது ஆகியவற்றுக்குத் திருமணம் ஒரு நிபந்தனையே அல்ல. திருமணச் சான்று இல்லை என்று மனுவைத் திருப்பினால், அந்தப் பிரிவின் விளக்கத்தில் உள்ள எஃப், ஜி உட்பிரிவுகளைக் குறிப்பிட்டு மறுபடி தாக்கல் செய்யுங்கள்.

குழந்தை யாரிடம் இருப்பது என்ற மனுவுக்கு 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 9ஆவது பிரிவு பொருந்தும். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு. வடபழனியில் வளரும் குழந்தை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றம். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி திருவள்ளூர் மாவட்டம் என்பதால் அங்கே வளரும் குழந்தைகளுக்கு அந்தந்த மாவட்டத்தில்தான் மனு போட வேண்டும். பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் ஆகியவை வசிப்பிடத்தைக் காட்ட உதவும். விடுமுறைக்கு அழைத்துப்போய் அங்கேயே வைத்துக்கொண்டால் அந்த ஊர் வசிப்பிடமாகிவிடாது.

இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டு இளவர் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு முதலில் தாயும், அவருக்குப் பின் தந்தையும் இயற்கைக் காப்பாளர்கள். அதற்காகத் தந்தைக்கு வழியில்லை என்று அர்த்தமில்லை. குழந்தையைச் சந்திக்க அனுமதி கேட்டு அவரும் மனு போடலாம். குழந்தையின் நலனே நீதிமன்றம் முதலில் பார்ப்பது. தாய் மட்டும் காப்பாளராக விண்ணப்பித்தால் தந்தையின் பெயரைச் சொல்லவோ அவருக்கு நோட்டீஸ் அனுப்பவோ கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கு.

ஜீவனாம்சத்தில்தான் சிக்கல் அதிகம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு (இதற்கு முன்பிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆவது பிரிவு) திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனால் மனு போடும் இடம் வேறு மாதிரி. தந்தை இருக்கும் மாவட்டம், அல்லது குழந்தையின் தாயோடு அவர் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த மாவட்டம் என்கிறது 145ஆவது பிரிவு. மனைவி வசிக்கும் இடம் என்ற சலுகை, திருமணமாகாத தாய்க்கு அந்த வாசகத்தில் இல்லை. பெங்களூருவில் சேர்ந்து வாழ்ந்துவிட்டுத் தாய் மட்டும் சென்னை திரும்பியிருந்தால் எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் பிடிக்கும். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரி சென்னை என்றால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே ஆதாரத்தோடு எழுதுங்கள். வருமானம், சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தை இரு தரப்பும் தர வேண்டும். இடைக்கால ஜீவனாம்சத்தையும் கூடவே கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளில் அது முடிவாக வேண்டும்.

தந்தை மறுத்தால் டிஎன்ஏ பரிசோதனை கேட்கலாம், ஆனால் கேட்டதும் கிடைத்துவிடாது. குழந்தை பிறந்தபோது தாய் வேறொருவரின் சட்டப்படியான மனைவியாக இருந்தால், அந்தக் கணவரையே சட்டம் தந்தையாகக் கொள்ளும். கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் அந்தக் கணவரும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது மாறும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். உத்தரவு வந்தபின் பணம் வராவிட்டால், ஒவ்வொரு தொகையும் பாக்கியான ஓராண்டுக்குள் வசூல் மனு போடுங்கள். அதைத் தாண்டிய பாக்கிக்கு 144ஆவது பிரிவின் கீழ் வாரண்ட் கிடைக்காது.