கழலாத போல்ட்டுக்கு நெருப்பு கடைசி வழிதான்

பழைய லாரியில் நம்மைப் படுத்தும் போல்ட் இரண்டு வகை. ஒன்று அசைந்தே கொடுக்காது. இன்னொன்று எவ்வளவு திருப்பினாலும் சுற்றும், ஆனால் வெளியே வராது. இரண்டுக்கும் பலத்தைக் கூட்டுவது, அதுவும் பலிக்காவிட்டால் கேஸ் டார்ச்சை எடுப்பது என்பதே பல பட்டறைகளில் வழக்கம். கைகால் போவதும் தீப்பிடிப்பதும் இந்த அவசரத்தில்தான்.

அசையாத போல்ட்டுக்குக் காரணம் பெரும்பாலும் துரு. இரும்பு துருப்பிடித்தால் அதன் பருமன் பல மடங்கு கூடும். மரைக்குள் அதற்கு ஏது இடம்? அப்படியே இறுகிவிடும். அதனால் முதல் நாளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய்) விட்டு, இரவு முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் ஆறு முனை சாக்கெட்டையே போடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருவேறிய தலையை வழித்துவிடும். கழற்றுவதற்கு முன் ஒரு துளி இறுக்கிப் பாருங்கள். துரு உடைய அதுவே போதும் பல நேரம்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில பழைய லாரிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சக்கர நட்டு ஏறும் ஸ்டட்டின் (தலையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்) முனையில் ‘எல்’ என்று பொறித்திருப்பார்கள், துருவைத் தேய்த்தால்தான் தெரியும். பார்க்காமல் ஸ்பானர் பிடியில் பைப் மாட்டித் திருப்பினால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம்.

சுற்றும் போல்ட்தான் உண்மையில் யோசிக்க வைப்பது. முதலில் எது சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேபின் மவுண்டிலும் பாடியிலும் நட்டு சேஸிஸுக்குள்ளேயே வெல்டிலோ கூண்டிலோ உட்கார்ந்திருக்கும். அந்தப் பிடிப்பு விட்டுப்போனால் போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றும். அங்கே இம்பாக்ட் கன்னை (அதிர்ந்து திருப்பும் இயந்திர ஸ்பானர்) வைத்தால் மிச்சமிருக்கும் கூண்டும் கிழிந்துவிடும். போல்ட் தலைக்கு அடியில் கடப்பாறையோ தட்டை உளியோ கொடுத்து வெளிப்பக்கமாக நெம்பிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் நட்டு தகட்டோடு அழுந்தும். அந்தப் பிடிப்பிலேயே கையால் மெதுவாகத் திருப்பினால் கழல வாய்ப்பு உண்டு. நட்டுக்குப் பக்கத்தில் துளை இருந்தால் அதன் வழியே ஆப்பு செருகலாம், இல்லாவிட்டால் துளை போட்டுச் செருகலாம். இதெல்லாம் பலிக்காதபோதுதான் தலையை அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன் கேபினின் எடையை ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

சக்கர ஸ்டட் ஹப்புக்குள் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சுற்றுவதுதான் எனக்கு அதிகப் பயம் தருவது. ஹப்பைப் பிடித்திருக்க வேண்டிய ஸ்டட்டின் பல் வழுக்கிவிட்டது, நட்டு மட்டும் துருவில் பிடித்திருக்கிறது. உடனே யாராவது டார்ச்சோடு வந்துவிடுவார்கள். தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெப்பம் ஏறினால் உள்ளே ரப்பர் சிதைந்து எரியும் வாயு உருவாகும், அழுத்தமும் கூடும். டயர் வெடிகுண்டாகிவிடும். டார்ச்சை அணைத்து வெகுநேரம் கழித்தும் வெடிக்கலாம். காற்றை இறக்கிவிட்டாலும் ஆபத்து முழுசாகப் போகாது. அந்த நட்டை நட்டு ஸ்ப்ளிட்டரால் குளிர்ந்த நிலையிலேயே பிளந்து எடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் டயரில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, நட்டின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக, சூடேற விடாமல் அறுத்து, உளியால் பிளக்கலாம். நேரம் ஆகும், ஆகட்டும். பல் தேய்ந்த ஹப் துளையில் புது ஸ்டட்டை அடித்தாலும் பிடிப்பு நிற்காது. ஹப்பை மாற்றுவதுதான் சரி.

மற்ற இடங்களில் சூடு உதவும். போல்ட்டை விட்டுவிட்டு நட்டைச் சூடாக்குங்கள், அது விரிந்து துருப்பிடிப்பை உடைக்கும். சுற்றி டீசல் பைப், பிரேக் ஹோஸ், வயரிங் எதுவும் இருக்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் டார்ச்சோ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம். அந்த வெப்பத்தில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும், நுரையீரலையே அழித்துவிடும். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டின் புகையை இழுத்தாலும் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். தலையில் 10.9 என்று பலத்தின் தரம் பொறித்த போல்ட் சூடு கண்டிருந்தால் பலம் குறைந்திருக்கும். திரும்பப் போடாதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் எந்த முயற்சியும் வேண்டாம். பார்க்கிங் பிரேக்குக்கு ஸ்பிரிங் சேம்பர் (பலமான ஸ்பிரிங்கை அடைத்து வைத்த உருளைக் கூடு) உள்ள வண்டியில், அந்தச் சேம்பரைச் சுற்றியிருக்கும் கிளாம்ப்பின் போல்ட் இறுகியிருந்தாலும் சுற்றினாலும் தொடாதீர்கள். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் எதிரில் நிற்பவர் உயிர் தப்புவது கடினம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கேஜிங் போல்ட்டால் (ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டி வைக்கும் போல்ட்) ஸ்பிரிங்கை அடக்கி, சேம்பரை முழுசாகக் கழற்றிப் புதிதை மாட்டுங்கள்.