தபால் வாக்கு: சொல்லும் நடைமுறையும்

வாக்குச்சாவடிக்கு வராமலே வாக்குச்சீட்டைப் பெற்று, குறியிட்டு, உறையில் வைத்து ஒட்டித் திருப்பித் தரும் முறைக்குத் தமிழ்நாட்டில் தபால் வாக்கு என்றும், இலங்கையில் தபால் மூல வாக்களிப்பு என்றும் பெயர். தபால் தமிழில் பிறந்த சொல் அன்று. மராத்தி, கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் சிறு ஒலி மாற்றங்களுடன் அது வழங்குகிறது. அதற்கு ஈடாக நாம் ஆளும் அஞ்சல் என்னும் சொல்லோ அண்மையில் புனையப்பட்டதன்று. திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் தபால் துறைக்கே அஞ்சல் என்றுதான் பெயர்; மணி கட்டிய கோலுடன் கடிதப் பையைச் சுமந்து ஓடியவர் அஞ்சலோட்டக்காரர். அத்துறை 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. ஆகவே அஞ்சல் வாக்கு என்பதில் குறையில்லை. ஆனால் அதிலுள்ள வாக்கு வடமொழி என்பதையும், பேச்சு என்பதே அதன் முதற்பொருள் என்பதையும் தனித்தமிழ் அன்பர்கள் பலர் கவனிப்பதில்லை.

சிக்கல் சொல்லின் பிறப்பில் இல்லை, பொருளில் இருக்கிறது. இந்தியத் தேர்தல் விதிகள் வர இயலாத வாக்காளர் என ஒரு பிரிவை வகுத்துள்ளன. 2024 மார்ச் முதல் 85 வயதைக் கடந்தவர்களும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுள்ளவர்களும் இப்பிரிவில் அடங்குவர். இவர்கள் தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாள்களுக்குள், தபால் வாக்குக்கான விண்ணப்பமாகிய படிவம் 12டி-யை நிரப்பித் தரவேண்டும். அதை வாக்குச்சாவடி நிலை அலுவலரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, பின்னர் வந்து வாங்கிச் செல்வார். வாக்குப்பதிவு நாளுக்கு முன்பாகவே அலுவலர் குழு வீடு தேடி வருகிறது. மறைவாகக் குறியிட்ட சீட்டைச் சிறிய உறையிலும், அவ்வுறையையும் படிவம் 13ஏ உறுதிமொழியையும் பெரிய உறையிலும் இட்டு ஒட்டியதும் குழுவே எடுத்துச் செல்கிறது. தபால்காரருக்கு இங்கே வேலையே இல்லை! இதை வீட்டு வாக்கு என்பதே பொருந்தும் என்பேன். ஒப்புதல் கிடைத்தபின் மனம் மாறினாலும் வாக்குச்சாவடியில் வாக்களிக்க இயலாது என்பதை 12டி-யில் கையெழுத்திடும் முன்பே அறிந்திருப்பது நல்லது.

அஞ்சல் வாக்கு என்னும் பெயர் இன்று பெரும்பாலும் பொருந்துவது படைவீரர்களுக்கே. அதுவும் பாதி வழிக்கு மட்டும். அவர்களுக்குச் சீட்டு மின்னணு வழியில் செல்கிறது. 2016 இடைத்தேர்தலின்போது புதுச்சேரியின் நெல்லித்தோப்புத் தொகுதியில்தான் இம்முறை முதலில் கையாளப்பட்டது. அச்சிட்டுக் குறியிட்ட சீட்டு திரும்பி வருவது மட்டும் அஞ்சலில். வாக்கு எண்ணும் நாளன்று எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குச் சேரவேண்டும். பெரிய உறைக்குள் 13ஏ இல்லையென்றால், சிறிய உறையைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள்.